ரோஸ் ஐஸும் அக்காவின் மூச்சும்

ஐஸ் தின்றால் நிமோனியா வரும் என்று பேரன் பேத்திகளை மிரட்டுகிறவர்கள் நம் வயதுக்காரர்களில் இன்னும் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். போன வாரம் எங்கள் குடியிருப்பின் லிப்டுக்குள்ளேயே ஒருவர் சொன்னார். இனிமேல் என் காதில் விழும்படி சொல்லாதீர்கள். சொன்னால் சண்டைக்கு வருவேன். எழுபதை நெருங்குகிற கிழவி, இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள், என்ன பெரிதாகச் செய்துவிடுவாள் என்று நினைக்க வேண்டாம். கத்துவதற்கு மூச்சு திரும்பிவிட்டது.

நிமோனியா எனக்குத்தான் வந்தது. காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் நானும் மகளும் இருக்கிற வீட்டில், ஒரு நாள் காலை காப்பி ஃபில்டரை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் பாலை அலமாரியில் தேடினேனாம். மகளைப் பார்த்து, "நீ யாராத்துப் பொண்ணு?" என்று கேட்டேனாம். மகள் பயந்துபோய் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வயதானவர்களுக்கு இப்படித்தான் வருமாம். காய்ச்சல் வராது, புத்தி தடுமாறும். ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் மூளைதான் முதலில் முரண்டு பிடிக்குமாம்.

தெளிந்த பிறகு, மகளைவிடச் சின்னவளான ஒரு டாக்டர் பெண் என் நெஞ்சுப் படத்தை எடுத்து வந்து காட்டினாள். "பாருங்கம்மா, காத்து இருக்கிற இடம் கறுப்பாத் தெரியும். இங்க வலது பக்கம் கீழ பாருங்க, வெள்ளையா இருக்கு. நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்னக் காத்துப் பைதான். கிருமி உள்ள போனா, அதோட சண்டை போட உடம்பு தண்ணியையும் வெள்ளை அணுவையும் அங்க அனுப்புது. பை நிரம்பிடுது. அப்புறம் காத்துக்கு எங்க இடம்?" என்றாள்.

அந்த வெள்ளைத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம். கீழே. அக்காவுக்கும் அங்கேதான்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். நாங்கள் அப்போது மயிலாப்பூரில், மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தோம். கீழே நாங்கள், மாடியில் அம்மாவின் தம்பியான மாமா. மாமா பாட்டு வாத்தியார். ஊரில் பாதிப் பெண்களுக்கு அவர்தான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருடைய சிஷ்யைகளில் யாருக்கும் வாய்க்காத குரல் அவருடைய அக்கா பெண்ணுக்கு வாய்த்திருந்தது. அதை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன். அக்கா பாட ஆரம்பித்தால் எதிர் வீட்டில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றுவிடும். எனக்குக் குரல் கிடையாது. அதனால் நான் அந்த வீட்டில் சுதந்திரமாக இருந்தேன்.

அந்த மார்கழியில் ஒரு சபாவில் குழந்தைகள் கச்சேரிக்கு அக்காவின் பேர் போட்டிருந்தார்கள். நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. மாமா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் அக்கா என்ற பெண் இல்லை, ஒரு தொண்டைதான் இருந்தது. அந்தத் தொண்டைக்குத் தயிர் கூடாது, வாழைப்பழம் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, உரக்கச் சிரிக்கக் கூடாது. ஐஸ் என்ற வார்த்தையையே வீட்டில் சொல்லக் கூடாது. ஆனால் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்து, ஈரப் பின்னலோடு பனியில் மாட வீதியைச் சுற்றி பஜனை பாடிக்கொண்டு போகலாம். அது புண்ணியம். அதில் ஒன்றும் வராது.

மாமாவிடம் ஒரு பயிற்சி இருந்தது. கொல்லையில் கிணற்றடியில் நின்று ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, சமையலறை, கூடம், ரேழி எல்லாம் தாண்டி வாசல்படி வரை ஒரே மூச்சில் பாடிக்கொண்டே நடக்க வேண்டும். மாமா சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அதன் துருத்தியை அவர் கை ஒரே சீராக அமுக்கும். பெட்டியின் பழைய மரமும் கற்பூரமும் கலந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. அக்கா வாசல்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்து என்னிடம் கண்ணடிப்பாள். அவளுடைய மூச்சு அவ்வளவு நீளம். அந்தப் பயிற்சி அவளுக்கு ஒரு விளையாட்டு.

அந்த மாதம் மாமாவுக்கு இருமல். மிளகுப் பால் குடித்துக்கொண்டே பாடம் எடுத்தார். எச்சில் படக்கூடாது என்று டம்ளரைத் தூக்கிக் குடிக்கிற வீடு எங்களுடையது. தட்டில் கை வைத்தால் கை அலம்ப வேண்டும். ஆனால் எதிரே முழங்காலுக்கு முழங்கால் உட்கார்ந்து, ஒரு குழந்தையின் முகத்துக்கு நேரே இருமினால் அது எச்சில் இல்லை போலிருக்கிறது.

ஒரு நாள் காலை அக்கா கிணற்றடியிலிருந்து கிளம்பி, சமையலறை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வலது விலாவில் கையை வைத்துக்கொண்டு, "வலிக்கறது மாமா" என்றாள்.

"எங்கே வலிக்கறது?"

"இங்கே. வயத்துல."

"வயத்துல வலிச்சா அது வாய்வு. பாட்டுக்கும் வாய்வுக்கும் என்னடி சம்பந்தம்? திரும்பப் போ."

திரும்பப் போனாள். இந்தத் தடவை சமையலறைக்கே வரவில்லை. மாமா எழுந்து போய் அவள் காதைத் திருகினார். "கச்சேரி வெச்சுண்டு மூச்சை அறுத்துண்டு வரியே, வெக்கமா இல்லே? அக்கா, இவளுக்கு ஓம வாட்டர் கொடு!" என்று அம்மாவிடம் கத்தினார். அம்மா கொடுத்தாள். மத்தியானம் விளக்கெண்ணெயும் கொடுத்தாள்.

அக்கா அழுததை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. சொந்தக்காரர் யாரோ கையில் திணித்துவிட்டுப் போன காசு என்னிடம் இருந்தது. தெருமுனையில் ஐஸ்காரர் தள்ளுவண்டிப் பெட்டியின் மூடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓடினேன்.

"இன்னா பாப்பா, ரோஸா, சேமியாவா?"

"ரெண்டு ரோஸ்."

"ரெண்டா? வூட்ல சொல்ட்டு வந்தியா? அப்பால உங்க மாமா வந்து எங்கையில சண்ட வலிச்சிக்கினு நிப்பாரு."

"சொல்லிட்டேன்" என்று பொய் சொன்னேன். பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்து ஒன்றை அக்காவின் கையில் கொடுத்தேன். ஐஸ் என்றால் அவளுக்கு உயிர். எத்தனையோ தடவை வண்டிச் சத்தம் கேட்டு ஜன்னலோரம் நின்று ஏக்கமாகப் பார்த்திருக்கிறாள். நான் படிக்குக் கீழே காவல் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டே என் ஐஸை உறிஞ்சித் தீர்த்தேன். பல் கூசியது. உலகத்திலேயே நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அறுபது வருஷம் நான் ஐஸைத் தொடவில்லை.

சாயங்காலம் அக்காவுக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு உடம்பு அனலாகக் கொதித்தது. மேலே கம்பளி போர்த்தி, ஜன்னலையெல்லாம் சாத்தினார்கள். அந்த அடைத்த அறையில் நான் அவள் பக்கத்தில் படுத்திருந்து பார்த்தேன். ஓடிவந்த நாயைப் போல அவளுக்கு இளைத்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்தது. டாக்டர் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "அப்படிக் குழிஞ்சாலே உடனே தூக்கிக்கிட்டு ஓடி வரணும்மா. குழந்தை மூச்சுக்குப் போராடுதுன்னு அர்த்தம்" என்றாள். எங்கள் வீட்டில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, நெஞ்சில் கபம் கட்டியிருக்கிறது என்று கற்பூரத் தைலம் தடவினார்கள். திருநீறு போட்டார்கள். ராயப்பேட்டைப் பக்கம் ஒரு மசூதி வாசலில் தூக்கிக்கொண்டு போய் நின்று ஓத வைத்துக்கொண்டும் வந்தார்கள். ஓதின பெரியவராவது அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டாராம். அதன் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் வருவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. அக்காவுக்குத் துணி மாற்றும்போது அம்மா கண்ணில் பாவாடைக் கறை பட்டது. வெளிர் மஞ்சள் சீட்டிப் பாவாடையின் மடியில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் நிறம். மாமா அதை முகர்ந்து பார்த்தார். கூடத்தில் எல்லோரும் நிற்க, என்னை நடுவில் நிறுத்தினார்.

"நீதானே வாங்கிக் கொடுத்தே?"

தலையை ஆட்டினேன்.

"படுபாவி. தெரிஞ்சுண்டே பண்ணியிருக்கா. தனக்குக் குரல் இல்லேங்கற பொறாமை!"

பொறாமை என்ற வார்த்தைக்கு எனக்கு அப்போது சரியாக அர்த்தம்கூடத் தெரியாது. அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "போய்ப் படுத்துக்கோ" என்றார். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர்தான், ஆனால் பாட்டு விஷயத்தில் பேச்சு முழுக்க மாமாவுடையது. அம்மா என்னை அடிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை.

வலி காலையில் வந்தது. ஐஸ் மத்தியானம் வந்தது. இது ஒரு கணக்கா? விலாவில் கை வைத்துக்கொண்டு அவள் நின்றதை அத்தனை பேரும் பார்த்தார்கள். நுரையீரலின் அடிப்பகுதியில் சீக்கு வந்தால் குழந்தைகள் வயிற்று வலி என்றுதான் சொல்லுமாம். நுரையீரல் உறை உரசுகிற வலியை நரம்பு வயிற்றில் கொண்டுபோய்க் காட்டுமாம். அது அவர்களுக்குத் தெரியாமல் போனதற்கு நான் கோபப்படவில்லை. எனக்கும் இப்போதுதான் தெரியும். ஆனால் காலை முதலில் வரும், மத்தியானம் பிறகு வரும் என்பதுகூடவா தெரியாது?

டாக்டர் அக்காவின் முதுகில் ஒரு விரலை வைத்து மற்றொரு விரலால் தட்டினார். இடது பக்கம் காலி டப்பா மாதிரி சத்தம் வந்தது. வலது பக்கம் கீழே சுவரைத் தட்டுகிற மாதிரி மொத்தென்று இருந்தது. "நிமோனியா" என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பென்சிலின் ஊசி எழுதினார். "தினமும் கம்பவுண்டர் வருவார். நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தப்படாது. காய்ச்சல் விட்டாலும் நிறுத்தப்படாது" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார். யார் நிறுத்துவார் என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

கம்பவுண்டர் சைதாப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். கண்ணாடி ஊசியைச் சின்ன ஸ்பிரிட் அடுப்பில் கொதிக்க வைப்பார். நீல நெருப்பு. அந்த ஸ்பிரிட் வாடை பட்டாலே அக்கா சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். மருந்து வேலை செய்தது. சில நாளில் காய்ச்சல் இறங்கியது. அக்கா எழுந்து உட்கார்ந்து ரசஞ்சாதம் கேட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். அவள் பிழைத்தாள் என்று நினைக்கவில்லை, நான் பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன். அந்த வயதில் அப்படி ஒரு குழந்தையை நினைக்க வைத்தார்கள்.

மறுநாள் கம்பவுண்டர் வந்தபோது மாமா வாசலிலேயே மறித்தார். "போறும், நிறுத்திக்கலாம். ஊசி மஹா உஷ்ணம். தொண்டை வறண்டு போயிடும். குரல் கட்டிண்டா கச்சேரி என்ன ஆறது?" என்றார். கம்பவுண்டர், "டாக்டர் திட்டுவாரு சாமி" என்றார். "டாக்டருக்குப் பாட்டு தெரியுமா?" என்று கேட்டார் மாமா. சைக்கிள் திரும்பிப் போயிற்று. பாட்டுக்காரர்களிடம் இந்த நம்பிக்கை உண்டு. ஊசி சூடு, மாத்திரை சூடு, சூடு குரலைத் தின்றுவிடும். நெஞ்சுக்குள்ளே சீழ் இருந்தால் பரவாயில்லை, குரல்வளை குளிர்ச்சியாக இருந்தால் போதும்! சாயங்காலங்களில் அக்காவுக்கு லேசாகச் சுட்டது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் நெற்றியில் பற்று போட்டாள். டாக்டர் தெருவழியாகப் போனபோது குழந்தை தேவலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கச்சேரி நாள். அரக்குப் பட்டுப் பாவாடை, தலை நிறையக் கதம்பம். அக்காவின் கன்னம் இரண்டும் ரோஜாவாகச் சிவந்திருந்தது. கண் பளபளவென்று இருந்தது. முன்வரிசையில் ஒரு மாமி, "முகத்துல என்ன களை பாருங்கோ, சரஸ்வதி கடாட்சம்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அம்மா பூரித்துப் போனாள். அது காய்ச்சல். சீழ் கோத்த நெஞ்சோடு ஒரு குழந்தை மேடையில் எரிந்துகொண்டிருக்கிறது, இவர்கள் களை என்கிறார்கள்.

அக்கா வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமா பின்னால் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்து, "நிமிர்ந்து உக்காரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது. முதல் பாட்டைச் சமாளித்துவிட்டாள். இரண்டாவதில் நீளமான ஒரு சங்கதி. வீட்டில் வாசல்படி வரை இழுத்துவிட்டுக் கண்ணடிப்பாளே, அந்த மூச்சு வேண்டிய இடம் அது. ஆரம்பித்தாள். பாதியில் மூச்சு அறுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி அறுந்தது. அவள் தோள் இரண்டும் மேலும் கீழும் ஏறி இறங்கியது. மாமா, "மூச்சு, மூச்சு" என்றார். மூச்சு எங்கேயடா இருக்கிறது உன் வாயில் போட? மூன்றாம் தடவை வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. மிருதங்கக்காரர்தான் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்தார். மாமாவின் கையில் சுருதிப் பெட்டி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் விலா எலும்புகளுக்கு நடுவே துளை போட்டு ஒரு ரப்பர் குழாயைச் செருகினார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடி ஜாடித் தண்ணீருக்குள் முழுகியிருந்தது. அவள் மூச்சு விடும்போதெல்லாம் ஜாடியில் குமிழி வந்தது. தயிர் மாதிரி கெட்டியாக ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது. நான் கதவருகே நின்று அந்தக் குமிழிகளையே பார்த்தேன். குமிழி வந்தால் அக்கா இருக்கிறாள். அடுத்த குமிழி வருகிற வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா பிழைத்தாள். குரல் பிழைக்கவில்லை. நுரையீரலைச் சுற்றிய சவ்வு தடித்துத் தழும்பாகி, வலது பக்கம் பிறகு முழுசாக விரியவே இல்லை. பேச மூச்சு போதும், பாடப் போதாது. மாமா வேறு சிஷ்யைகளைத் தேடிக்கொண்டார். அவர்களுக்கெல்லாம் என் கதையைச் சொன்னார். கல்யாணத்தில், சீமந்தத்தில், புது மாப்பிள்ளைகளிடம், என் மாமனாரிடம்கூட: "எப்பேர்ப்பட்ட சாரீரம் தெரியுமா? இவ ஒரு ஐஸை வாங்கிக் கொடுத்தா, எல்லாம் போச்சு." எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். ஊசியை நிறுத்தின கதையை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சால்வையும் பட்டமுமாக நிறைந்த வயதில் போய்ச் சேர்ந்தார். நான் என் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்ததே இல்லை. பிறந்த நாட்களில் அவள் அழுதிருக்கிறாள். அந்தப் பாவமும் அந்தக் கூடத்தில் நின்றவர்களுடைய கணக்கில்தான் சேர வேண்டும்.

இத்தனையையும் நான் அந்த டாக்டர் பெண்ணிடம் கொட்டிவிட்டு, "ஐஸால வந்துதா?" என்று கேட்டேன். எழுபது வயதுக் கிழவியின் குரல் எட்டு வயதுக்குப் போய்விட்டது. அவள் படத்தைக் கீழே வைத்தாள்.

"ஐஸால நிமோனியா வராதும்மா. கிருமியாலதான் வரும். அது நிறையப் பேர் மூக்குல தொண்டையில சும்மாவே இருக்கும். சளி பிடிச்சு உடம்பு அசந்தா கீழ இறங்கிடும். இருமல்ல ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கும் போகும்."

"ஊசியைப் பாதியில நிறுத்தினா?"

"முழுசாப் போட்டிருந்தாலும் சிலருக்குச் சீழ் கோத்துக்கும். அந்தக் குழந்தையைப் பார்க்காம நான் சொல்லக் கூடாது. ஆனா நிறுத்தினது தப்பு. பெரிய தப்பு."

வீட்டுக்கு வந்து கால் தரித்ததும் அசோக் நகருக்குப் போனேன். அக்கா அங்கேதான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். படி ஏற முடியாததால் எப்போதும் தரைத்தளத்து வீடுதான். என்னைப் பார்த்ததும், "இப்போ எனக்கும் உனக்கும் சரியாப் போச்சு, ரெண்டு பேருக்கும் வலது நெஞ்சு" என்று சிரித்தாள். சிரித்து முடிக்க இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

"அக்கா, ஐஸ் காரணம் இல்லையாம். டாக்டர் சொல்லிட்டா" என்றேன். ஏதோ தீர்ப்பு நகலைக் கையில் வைத்திருப்பவளைப் போலச் சொன்னேன்.

அக்கா தூக்கிவாரிப்போட்ட மாதிரி பார்த்தாள். "இன்னுமா நீ அதை நினைச்சுண்டிருக்கே?"

"நினைக்காம?"

"நான் அந்த ஐஸைத் தின்னவே இல்லையேடி."

எனக்குப் புரியவில்லை.

"விலா குத்திண்டிருந்தது. வாயெல்லாம் கசந்தது. நீ ஆசையா வாங்கிண்டு வந்துட்டே, வேண்டாம்னு சொன்னா அழுவே. வாங்கிக் கையில வெச்சுண்டேன். ஒரு வாய்கூட வெக்கலை. அப்படியே மடியில உருகிப் போச்சு."

பாவாடைக் கறை. உள்ளங்கை அகலக் கறை. தின்றிருந்தால் அவ்வளவு எப்படிச் சிந்தியிருக்கும்? பாவாடையை முகர்ந்து பார்த்த கூட்டத்தில் ஒருவராவது அவளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்களா?

"ஏன் சொல்லலே?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"சொன்னேனே. குழாய் எடுத்த அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேன். பாவம், அவ மேல பழி போடறாளேன்னு. அம்மா கேட்டுண்டா. உன்கிட்ட சொல்லியிருப்பான்னுதான் நான் நினைச்சுண்டிருக்கேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"'அவ குழந்தை, மறந்துடுவா. உங்க மாமாவால தாங்க முடியாது. இதை இத்தோட விடு'ன்னா" என்றாள்.

அம்மா அதன் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். கடைசிக் காலத்தில் அவளுக்கு வாயில் ஊட்டினது நான். மாமா ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தக் கதையைச் சொன்னபோது பக்கத்தில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு வலிக்கக் கூடாது. குழந்தைக்கு வலித்தால் மறந்துவிடும். நான் மறக்கவில்லை அம்மா. மாமாவை மன்னிக்கச் சொல்கிறவர்கள் உண்டு, அவருக்கு அறியாமை. உனக்கு என்ன சொல்வது?

அக்கா காப்பி போடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தால் அவளிடம் கத்திவிடுவேன் போலிருந்தது. அவள்மேல் என்ன தப்பு? வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு ரொம்ப ஆசையா இருந்தது, நீ வாங்கிண்டு வந்தது" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

தெருமுனையில் ஒரு கடை வாசலில் ஐஸ் பெட்டி. ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். குச்சி ஐஸ் இருக்கிறதா என்று கேட்டேன். ரோஸ் இருந்தது. காகிதத்தைப் பிரித்து, நடைபாதையில் நின்றபடியே கடித்தேன். பல் கூசியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இருமலும் வந்தது. ஆஸ்பத்திரி இருமலின் மிச்சம்.

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா மா, இருமிக்கினே ஐஸ் துன்றியே. இந்த வயசுல ஒத்துக்குமா? நெஞ்சுல சளி கட்டிக்கும் மா."

"கட்டாது!" என்று கத்தினேன். கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐஸால ஒண்ணும் வராதுப்பா. ஒண்ணும் வராது. நான் ஒண்ணும் பண்ணலை."

ஆட்டோக்காரர் பயந்துபோய், "செரி மா, நீ துன்னு மா" என்றார். குச்சி வரைக்கும் தின்றுவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.